மூன்றாவது வேண்டாம்

எங்கள் ஊரில் யாரும் எதையும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்வதில்லை. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால், வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மறுபடி கேட்டால் மறுபடியும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று ஆரம்பித்து இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போவார்கள். முதல் இரண்டு வேண்டாமும் மரியாதைக்கு. மூன்றாவது தடவையும் சொன்னால்தான் அது நிஜமான வேண்டாம். அமெரிக்காவில் எங்கள் நெப்ராஸ்கா பக்கம் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறந்து நாலு வீட்டில் சாப்பிட்டாலே வந்துவிடும். இதனால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று எழுபத்திரண்டு வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆர்டித் குசேரா என் எதிர் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் சமையல் செய்த பெண்மணி. நான் அதே பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டினேன். வியாழக்கிழமை என்றால் பீன்ஸும் கறியும் காரமாய் வெந்த சில்லி, கூடவே பட்டைத்தூள் போட்ட சுருள் ரொட்டி. தட்டின் நடுவில் இருக்கிற ரொட்டிதான் மெத்தென்று இருக்கும், ஓரத்து ரொட்டி காய்ந்துபோகும். நடு ரொட்டியை எனக்கென்று ஒரு கிண்ணம் கவிழ்த்து மூடி வைத்திருப்பார். இந்தா என்றுகூடச் சொல்லமாட்டார். கிண்ணத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். என் மனைவி இறந்த பிறகு ஞாயிறுதோறும் ஒரு பாத்திரம் சூப் என் வாசலில் இருக்கும். அதற்கும் பேச்சு கிடையாது.

அவருடைய கணவர் எமில் இன்னும் மோசம். கல்லுக்கு வாய் இருந்தால் எமிலைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கும். ஊருக்கு வடக்கே அவர்களுக்கு நிலம் இருந்தது, சோளமும் சோயாவும். எங்கள் வட்டாரத்தில் உழாத மண் என்று ஒரு கையளவு மிச்சமில்லை. எங்கள் தாத்தாக்கள் வந்து இறங்கிய அன்றே கலப்பையை இறக்கிவிட்டார்கள். குசேரா நிலத்தில் மட்டும், ரயில் பாதையை ஒட்டி முக்கோணமாக ஒரு மூலை, உழாமலே கிடந்தது. கலப்பை திரும்ப இடமில்லை என்பது எமில் சொல்கிற காரணம். அது பொய் என்று டிராக்டர் ஓட்டத் தெரிந்த எவனுக்கும் தெரியும். கொஞ்சம் பின்வாங்கித் திருப்பினால் நாலே சாலில் முடிந்துவிடும். முப்பத்து நாலு வருஷம் எமில் அந்த மூலைக்கு வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். நாங்கள் கேலி செய்வோம். அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வார்.

அந்த மூலையில் இருந்ததுதான் விதையுதிர்ப் புல். நுனி நூலாய் மெலிந்து, நாலு பக்கமும் வளைந்து விழுகிற புல். கட்டுக் கட்டாக நிற்கும். அக்டோபரில் செம்புக் காசு நிறத்துக்கு மாறும். ஆகஸ்டு கடைசியில் பூக்கும்போது ஒரு வாசனை வரும்: கொத்தமல்லி விதையை வறுத்து வெண்ணெயில் பொரித்த சோளத்தின்மேல் தூவினால் எப்படி இருக்கும், அப்படி. சிலருக்கு அது பிடிக்காது, தீய்ந்த வாடை என்பார்கள். ஆர்டித்துக்கு அது உயிர். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

வயதாகி நிலத்தை விற்று, ஊருக்குள் என் எதிர் வீட்டுக்கு அவர்கள் வந்தது ஒரு செப்டம்பரில். வாங்கினவர் அந்த மாதமே முக்கோணத்தையும் சேர்த்து உழப்போகிறார் என்று ஆர்டித்துக்குத் தெரிந்திருந்தது. வருவதற்கு முந்தின நாள் போய் ஒரு காப்பி டப்பா நிறைய விதை உருவிக்கொண்டு வந்துவிட்டார். அந்த விதை லேசில் முளைக்காது. ஈர மணலில் கலந்து குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடந்தால்தான் கண் திறக்கும். ஃபிரிட்ஜில் முட்டைக்கும் வெண்ணெய்க்கும் பக்கத்தில் மணல் டப்பா. எமில் ஒருநாள் அதைச் சர்க்கரை என்று நினைத்து ஓட்ஸில் போட்டுக்கொண்டார். ஆர்டித் அதைச் சொல்லிச் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் நாலைந்து தடவைதான் இருக்கும்.

நூற்றுக்கணக்கான விதையில் முதல் வருஷம் முளைத்தது பதினொன்று. முளைத்ததும் தலைமயிர்போல இருந்தது, அவ்வளவுதான். களை என்று கிள்ளிவிடக்கூடாதே என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் குச்சி. அடுத்த குளிர்காலம் மறுபடி மணல், மறுபடி ஃபிரிட்ஜ். ஒரு கட்டு உருப்படியாக நிற்க ஐந்து வருஷம். நாலாம் வருஷம் எமில் இறந்தார். ஒரு கட்டும் பூத்து அவர் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் வருஷம் வீட்டு முன்புறம் முழுக்க இருபத்தாறு கட்டு நின்றது. குளிர்காலத்தில் காய்ந்த தாளை அப்படியே விட்டுவைப்பார், குருவிகள் அதற்குள் ஒண்டும். மார்ச்சில் மண்டி போட்டு, ஒரு சாண் விட்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொரு கட்டாக வெட்டுவார். உதவட்டுமா என்று நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வேண்டாம் என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஊருக்கு அது கண்ணை உறுத்தியது. இங்கே வீட்டு முன்னால் புல் என்றால் சனிக்கிழமை மெஷின் ஓட்டி ஒட்ட வெட்டியதுதான் புல். அது பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டினால் ஊர்ச் சட்டப்படி களை. ஊர் மன்றத்துத் தலைவர் டுவெய்ன் ஹ்ருஸ்கா ஆர்டித்துக்கு இரண்டு தடவை நோட்டீஸ் அனுப்பினார். டுவெய்ன் கெட்டவர் இல்லை. பனி பெய்தால் விடிவதற்குள் விதவைகள் வீட்டு வாசல் எல்லாவற்றையும் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தன் வாசலுக்கு வருவார். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மூன்றாவது நோட்டீஸ் வந்ததும் ஆர்டித் பள்ளிக்கூடத்து மர அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு மன்றக் கூட்டத்துக்கு வந்தார். நானும் பின்வரிசையில் இருந்தேன். வருகிற வழியில், வங்கி வாசலில் மன்றமே பூந்தொட்டிப் பக்கமாக நட்டிருந்த அலங்காரப் புல்லை அளந்துவிட்டு வந்திருந்தார். ஏதோ தூர தேசத்துப் புல், பட்டணத்து நர்சரியில் வாங்கியது.

"வங்கிப் புல்லு நாப்பத்தோரு அங்குலம், டுவெய்ன். அது கடையில வாங்கினது, அதனால புல்லு. இது இந்த மண்ணுலயே முளைச்சது, அதனால களையா?"

டுவெய்ன் காது சிவக்கச் சிவக்கத் தாளைப் புரட்டினார். கடைசியில், சுற்றிச் செங்கல் பதித்தால் அது தோட்டப் பாத்தி, பாத்திக்குச் சட்டம் பொருந்தாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆர்டித் அடுத்த வாரமே செங்கல் பதித்தார். சட்டத்தால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆகஸ்டில் ஆர்டித் வீட்டு நிலவறைப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எண்பத்தொரு வயது. அறுவை சிகிச்சை முடிந்து, நடக்கப் பழக்குகிற இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள், முப்பது மைல் தள்ளி. பிள்ளை குட்டி கிடையாது. ஊரே பிள்ளையாகிவிடும் இந்த மாதிரி நேரத்தில். அதில் எங்களைக் குறை சொல்லவே முடியாது. ஒருவர் தபாலை எடுத்து வைத்தார், ஒருவர் பூனைக்குச் சோறு வைத்தார். பிறகு எங்கள் பங்குக் கோவில் கமிட்டி கூடி, ஆர்டித் வாக்கரோடு வரும்போது காலில் இடறாமல் இருக்க முன்புறத்தைச் சமமாக்கி நல்ல புல்தரை போடுவது என்று முடிவு செய்தது. தாளும் தட்டையுமாகக் காடுபோல் கிடக்கிறது, பாவம், வயதான காலத்தில் பராமரிக்க முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பாவம் என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பங்குச் சாமியார் பார்க்கப் போனபோது விஷயத்தை ஆர்டித்திடம் சொல்லியிருக்கிறார். வேண்டாம் ஃபாதர் என்றிருக்கிறார் ஆர்டித். சிரமமே இல்லை என்றிருக்கிறார் இவர். இல்லை, நிஜமாகவே வேண்டாம் என்றிருக்கிறார் அவர். அதற்குள் நடைப்பயிற்சிக்கு அழைத்துப்போக நர்ஸ் வந்துவிட்டாள். சாமியார் ஆசீர்வதித்துவிட்டு வந்துவிட்டார். கணக்கு இரண்டில் நின்றது.

வியாழக்கிழமை எனக்கு ஃபோன் வந்தது. ஆர்டித் ஃபோனில் பேசுகிறவரே இல்லை.

"டெல்மர், சனிக்கிழமை வர்றாங்களாம். ஃபாதர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன், மூணாவது சொல்றதுக்குள்ள என்னைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. நீ போய்ச் சொல்லிடு. படிக்குப் பெயின்ட் அடிக்கட்டும், ஜன்னலைத் துடைக்கட்டும். முன்பக்கத்தைத் தொட வேண்டாம்னு சொல்லு."

சரி என்றேன். வேறு யாரிடமும் சொல்லாமல் என்னிடம் சொன்னார். மூன்றாவது வேண்டாமை என் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் தெருவைத் தாண்டிப் போனபோது பதினேழு பேர் வந்திருந்தார்கள். மடக்கு மேஜையில் டோனட், பெரிய பாத்திரத்தில் காப்பி. பாய் மாதிரி சுருட்டிய புல்தரை ஒரு லாரி நிறைய ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. அதை அன்றைக்கே விரிக்காவிட்டால் வெயிலில் காய்ந்துவிடும். யாரோ இலவசமாகக் கொடுத்தது. செங்கல்லை ஏற்கெனவே பெயர்த்து அடுக்கிவிட்டார்கள். புல் கட்டுகள் பூத்து நின்றன. வாசனை தெருமுனைவரை இருந்தது.

"டுவெய்ன், ஆர்டித் இது வேண்டாம்னு சொன்னாங்க" என்று ஆரம்பித்தேன். அது வரைக்கும் சொன்னேன், பொய்யில்லை.

டுவெய்ன் என் தோளில் கைபோட்டுச் சிரித்தார். "வேண்டாம்னுதான்யா சொல்வாங்க. நம்ம ஊர்ல எவன் எடுத்த எடுப்புல வேணும்னு சொல்லியிருக்கான்? ஃபாதர்கிட்டயும் ரெண்டு தடவை சொன்னாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். இல்லை, மூன்றாவதும் சொல்லிவிட்டார், என்னிடம் சொன்னார் என்று நான் வாயைத் திறந்தேன். அப்போது யாரோ என் கையில் காப்பியைக் கொடுத்தார்கள். குடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் என் வாயைப் பொத்தவில்லை. பதினேழு பேர் ஒரு நல்ல காரியத்துக்கு வந்து நிற்கும்போது அதில் மண்ணள்ளிப் போடுகிறவன் என்று பேர் வாங்க எனக்கு மனசில்லை. இதற்கு நான் நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு கிடைக்கவில்லை.

புல்லின் வேரில் மண்வெட்டி எகிறியது. அந்த வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போகும். டுவெய்ன் என்னைப் பார்த்து, வேறு வழியில்லை, உன் பவர் டில்லரைக் கொண்டுவா என்றார். ஊரில் கனத்த பல் வைத்த டில்லர் என்னுடையது ஒன்றுதான். எடுக்கப் போகும்போது, திரும்பி வந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவின் அகலம் முப்பது அடி. திரும்பி வந்தேன், சொல்லவில்லை. கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினேன். அந்தச் சத்தத்தில் அப்புறம் யாரும் எதுவும் சொல்ல முடியாது, அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பத்து மணிக்குள் இருபத்தைந்து கட்டு அரைபட்டுவிட்டது. பூவும் வேரும் நசுங்க நசுங்க வாசனை மூக்கை அடைத்தது. யார் வீட்டில் பாப்கார்ன் என்று ஒரு பெண் கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். படியோரத்து மூலையில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அங்கே மெஷின் திரும்பாது. பின்வாங்கித் திருப்பியிருந்தால் திரும்பியிருக்கும், நான் திருப்பவில்லை. டுவெய்ன் கடப்பாரையால் அதை நெம்பிக் குப்பை வண்டியில் எறிந்தார். சாயங்காலம் ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய், சருகுக் குவியலைக் கிளறி, அந்த ஒரு கட்டைத் தேடி எடுத்து வாளியில் வைத்துக் கொண்டுவந்தேன். கார் கொட்டகையில் மறைத்து வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றினேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று அதனிடமே ஒத்திகை பார்த்தேன்.

ஆர்டித் வீடு திரும்பிய அன்று எல்லோரும் வாசலில் கூடி நின்றார்கள். நல்வரவு என்று எழுதிய புதுத் துணி, பச்சைப் பசேல் என்று புல்தரை. அவர் வண்டியிலிருந்து இறங்கி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முன்புறத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"நீங்க இதைச் செஞ்சிருக்கவே வேண்டாம்" என்றார்.

எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். உதவி வாங்கினவர் எங்கள் ஊரில் சொல்கிற வார்த்தையே அதுதான். டுவெய்ன் மூக்கைச் சிந்தினார். ஆர்டித் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் பதினெட்டு வீட்டுக்கும் நன்றி அட்டை போனது, ஒவ்வொன்றோடும் ஒரு பெட்டி கொலாச்சி. அதுவும் எங்கள் வழக்கம். வாக்கரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அந்த இனிப்பு ரொட்டிகளை அவர் எப்படிச் சுட்டார் என்று தெரியவில்லை. என் அட்டையிலும் மற்றவர்களுக்கு எழுதின அதே இரண்டு வரி. திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் அதை நான் பத்திரப்படுத்தி வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சூப் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை.

நவம்பரில் மண் இறுகுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இது ஒண்ணு தப்பிச்சுது, ஆர்டித். நானே நட்டுத் தர்றேன்."

வாளியைப் பார்த்தார். குனிந்து ஒரு புல்தாளை விரலால் தொட்டார். "வேண்டாம், டெல்மர்."

"புல்தரையில வட்டமா ஒரு இடம் வெட்டிட்டாப் போதும். மிச்சத்தை வசந்தத்துல..."

"வேண்டாம். இது பரவி நிக்க இன்னும் பன்னெண்டு வருஷம் ஆகும். எனக்கு எண்பத்தொண்ணு."

நான் மன்னிப்பு கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுதப்போவதில்லை, அது என்னோடு இருக்கட்டும். ஆர்டித் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கல்யாணம் ஆன புதுசுல, அந்த மூலையை உழ வேண்டாம்னு எமில்கிட்ட சொன்னேன். ஏன்னு அவர் கேட்கலை, நானும் சொல்லலை. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்." கதவின் கைப்பிடியில் கை வைத்தார். "எடுத்துட்டுப் போ, டெல்மர். வேண்டாம்."

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அது மூன்றாவது.

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு முன்னால் நட்டேன். அது பிழைத்துக்கொண்டது. இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் பூத்தது. எங்கள் பக்கம் கோடையில் தெற்குக் காற்று. என் வீடு தெற்கே, அவர் வீடு வடக்கே. பூ வாசனை நேராக அவருடைய சமையலறை ஜன்னலுக்குத்தான் போகும். முன்பெல்லாம் அந்த மாதத்தில் அந்த ஜன்னல் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். இப்போது மூடியிருக்கிறது. சனிக்கிழமைதோறும் டுவெய்ன் வந்து அவருடைய புல்தரையை ஒட்ட வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆர்டித் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கையசைக்கிறார்.

போன வாரம் டுவெய்ன் வெட்டி முடித்துவிட்டு என் வாசலுக்கும் வந்தார். என் முன்புறமும் தட்டையேறிக் கிடக்கிறது, முதுகு வலியோடு நான் எத்தனை நாள் தனியாகப் பார்த்துக்கொள்வேன், கமிட்டியில் சொல்லி ஒரு சனிக்கிழமை ஆள் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"வேண்டாம். வேண்டாம். வேண்டாம்" என்றேன்.

கன்னத்தில் அறைந்ததுபோல் நின்றுவிட்டுப் போய்விட்டார். கோவிலில் இப்போது என் வரிசையில் உட்காருவதில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.